மூக்குக்குள் விடும் மருந்தும் போத்தலுக்குள் இருக்கும் நற்காப்புப் பொருளும்

மூக்கடைப்புக்கு விடுகின்ற மருந்தே, நாட்கள் கூடக் கூட, மூக்கை அடைக்கத் தொடங்கலாம். பாமசியில் இதை நான் சொல்லும்போது பெரும்பாலானவர்கள் முதலில் நம்புவதில்லை. "மருந்து விட்டாத்தானே பிள்ளை மூச்சு வருது, விடாட்டி அடைக்குது. பிறகு எப்பிடி மருந்தைக் குறை சொல்லுறீங்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலின் ஒரு பகுதி மருந்திலேயே இருக்கிறது. மற்றப் பகுதி, மருந்து பழுதாகாமல் இருப்பதற்காக அதே போத்தலுக்குள் சேர்க்கப்படும் நற்காப்புப் பொருளில் இருக்கிறது.

நான் வன்னியில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். மார்கழி, தைப் பனிக்காலத்திலும், சோளகக் காற்றுப் புழுதியைக் கிளப்பும் மாதங்களிலும், காலபோகச் சூடடிப்பு நடக்கும் நாட்களிலும் மூக்கு மருந்து கேட்டு வருபவர்கள் கூடுவார்கள். அவர்களில் பலர் வைத்தியரிடம் போய்விட்டு வருபவர்கள் அல்லர். வெறும் போத்தலைக் காட்டி "இதில ஒண்டு தாங்கோ" என்பார்கள். மாதத்துக்கு மூன்று, நான்கு போத்தல் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எத்தனை நாள் பாவிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் என் கைக்கு வரும் தாள்களில் அநேகமானவை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. 1987 இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அதனால் மருந்துத் தாளைத் தமிழில் வாசிக்க முடிந்துவிடவில்லை. அந்தத் தாளில் இருப்பதையும், அதில் விளக்கப்படாமல் இருப்பதையும் இங்கே எழுதுகிறேன்.

மூக்கின் உட்புறம் எப்படி வேலை செய்கிறது

மூக்கின் உட்சுவரைச் சீதமென்சவ்வு என்கின்ற மெல்லிய ஈரமான தோல் மூடியிருக்கிறது. இதன் மேற்பரப்பில் உள்ள கலங்களில் கண்ணுக்குத் தெரியாத மயிர் போன்ற பிசிர்கள் இருக்கின்றன. ஒரு கலத்தில் ஏறத்தாழ 200 பிசிர்கள். அவை ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல், காற்றில் நெற்பயிர் சாய்வது போல ஒரே திசையில் அடிக்கும். இடையிடையே உள்ள கிண்ணக்கலங்கள் பிசுபிசுப்பான சீதத்தைச் சுரக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் வரும் தூசி, புகைக்கரி, மகரந்தம், பற்றீரியா, வைரசு எல்லாம் இந்தச் சீதத்தில் ஒட்டிக்கொள்ளும். பிசிர்கள் அதை நிமிடத்துக்கு ஏறத்தாழ 5, 6 மில்லிமீற்றர் வேகத்தில் தொண்டைப் பக்கம் தள்ளும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கின் சீதப் படலம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

இந்தத் தோலுக்குக் கீழே, முக்கியமாக மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீண்டிருக்கும் சுருளெலும்புகளின் மேல், குருதியால் நிரம்பி வீங்கவும் வடிந்து சுருங்கவும் கூடிய நாளங்கள் அடர்த்தியாக உள்ளன. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கவும் ஈரமாக்கவும் இவை வேண்டும். தடிமனிலும் ஒவ்வாமையிலும் இவை வீங்கிவிடும். மூக்கடைப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த வீக்கத்தைத்தான். அதனால்தான் எவ்வளவு சீறினாலும் சில வேளைகளில் அடைப்புப் போவதில்லை. சீறி எடுப்பதற்குச் சளி அங்கே இல்லை, வீங்கிய தோல்தான் இருக்கிறது.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது

மூக்குக்கு விடும் மருந்து என்று ஒரே பெயரில் அழைத்தாலும் பாமசியில் மூன்று வகையானவை இருக்கின்றன. மூன்றையும் வேறுபடுத்தத் தெரிந்துகொள்வது முக்கியம்.

முதலாவது வெறும் உப்புநீர், அதாவது சேலைன் துளி அல்லது ஸ்பிரே. இது சீதத்தை இளக்கி, தூசியைக் கழுவும்.

இரண்டாவது, உடனே அடைப்பை எடுக்கும் மருந்து. சைலோமெற்றாசோலின், ஒக்சிமெற்றாசோலின், நாபாசோலின் என்பவை இந்த வகை. இவை நாளங்களைச் சுருக்கும். விட்டுச் சில நிமிடங்களில் மூச்சு வரும். நான்கு மணித்தியாலம் முதல் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் வரை நிற்கும். வைத்தியரிடம் போகாமல் நேரே வந்து கேட்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, ஸ்டீரொயிட் ஸ்பிரே. பெக்லோமெத்தாசோன், புளூட்டிகாசோன், மொமெட்டாசோன், புடெசொனைட் என்பவை. ஒவ்வாமையினால் வரும் தும்மல், அரிப்பு, மூக்கொழுகல், அடைப்பு ஆகியவற்றுக்கு வைத்தியர் எழுதுவது. இது உடனே வேலை செய்யாது. தினமும் அடித்தால்தான் சில நாட்களில் பலன் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு இரண்டு கிழமை வரை எடுக்கும்.

இந்த மூன்று வகையிலும் நற்காப்புப் பொருள் கலந்திருக்கலாம். உலகம் முழுவதும் மிகக் கூடுதலாகக் கலக்கப்படுவது பென்சல்கோனியம் குளோரைட்.

நற்காப்புப் பொருள் ஏன் தேவைப்பட்டது

ஒரு போத்தலைத் திறந்தபின் பல நாள் பாவிக்கிறோம். ஒவ்வொரு முறையும் அதன் நுனி மூக்கில் படுகிறது. அழுத்திய கையை விடும்போது வெளிக்காற்றும், சில வேளை மூக்கின் சீதமும் போத்தலுக்குள் இழுபடும். உள்ளே இருப்பது தண்ணீர். அதில் பற்றீரியாவும் பூஞ்சணமும் வளர்ந்தால் நாம் மருந்து என்று நினைத்துக் கிருமியை மூக்குக்குள் விடுவோம். அதைத் தடுக்கத்தான் நற்காப்புப் பொருள். தேவை உண்மையானது.

பென்சல்கோனியம் குளோரைட் தொற்றுநீக்கியாக உலகுக்கு வந்த கதையிலும் ஒரு போர் இருக்கிறது. ஜெர்மன் வைத்தியர் கெர்ஹாட் டோமாக் முதலாம் உலகப் போரில் படைவீரனாகப் போய்க் காயப்பட்டவர். பிறகு படை மருத்துவப் பிரிவில் வேலை செய்து, காயங்களில் கிருமி தொற்றி ஆட்கள் இறப்பதைக் கண்டவர். கிருமியைக் கொல்லும் இரசாயனங்களைத் தேடுவதே அவருடைய வாழ்நாள் வேலையானது. 1935 இல் அவர் இந்தப் பொருளின் கிருமிகொல்லும் ஆற்றலை அறிவித்தார். சத்திரசிகிச்சைக்கு முன் கை கழுவவும், கருவிகளைச் சுத்தம் செய்யவும் இது பயன்பட்டது. வேறொரு மருந்துக்காக 1939 இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, ஹிட்லரின் அரசு அதை ஏற்கவிடவில்லை. 1947 இல்தான் பதக்கத்தைப் பெற்றார்.

இந்தப் பொருள் சவர்க்காரத்தைப் போன்ற மூலக்கூற்றைக் கொண்டது. ஒரு முனை நீரை நாடும், மற்ற முனை கொழுப்பை நாடும். நீரை நாடும் முனையில் நேரேற்றம் இருக்கிறது. பற்றீரியாவின் வெளிச்சவ்வில் மறையேற்றம் உண்டு. ஆகவே அங்கே போய் ஒட்டி, கொழுப்பாலான சவ்வைக் குலைத்துவிடும். கிருமி உடைந்து சாகும். கொரோனா காலத்தில் மேசையையும் கதவுப் பிடியையும் துடைத்த பல தொற்றுநீக்கிகளில் இருந்ததும் இதே பொருள்தான்.

ஆனால் மனிதக் கலத்தின் சவ்விலும் கொழுப்புத்தான் இருக்கிறது. கேள்வி தொடங்குவது இந்த இடத்தில்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

மூக்கு மருந்துகளில் இந்தப் பொருளின் செறிவு வழமையாக 0.01 முதல் 0.02 வீதம் வரை இருக்கும். அதாவது ஒரு மில்லிலீற்றரில் 0.1 முதல் 0.2 மில்லிகிராம். ஒரு அடிக்கு 0.1 மில்லிலீற்றர் வெளிவந்தால் அதில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்கும். சிறிய அளவுதான்.

ஆய்வுகூடத்தில், உடலுக்கு வெளியே எடுத்து வைத்த மூக்கு இழையத்தின் மேல் இந்தச் செறிவை விட்டுப் பார்த்தபோது பிசிர்களின் அடிப்பு மெதுவானது, சில பரிசோதனைகளில் முற்றாக நின்றது. எலிகளின் மூக்கில் தொடர்ந்து விட்டபோது பிசிர் கொண்ட கலங்கள் சேதமடைந்தன. இப்படியான ஆய்வுகளை வைத்துத்தான் 1980கள் தொடக்கம் எச்சரிக்கைகள் எழுந்தன.

மனிதர்களில் செய்த ஆய்வுகளில் சுவீடனின் ஸ்டொக்ஹோமில் பீற்றர் கிராஃப் என்ற காது மூக்கு தொண்டை வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1990களின் நடுப்பகுதியில் செய்தவை அதிகம் பேசப்படுபவை. நோய் எதுவும் இல்லாத தொண்டர்களுக்கு ஒரு மாதம் ஒக்சிமெற்றாசோலின் கொடுத்தார்கள். ஒரு பகுதியினரின் போத்தலில் பென்சல்கோனியம் இருந்தது, மறுபகுதியினரின் போத்தலில் இல்லை. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. மருந்தை நிறுத்தியதும் இரு பகுதியினருக்கும் மூக்கு வீங்கியது. பென்சல்கோனியம் இருந்த போத்தலைப் பாவித்தவர்களுக்கு வீக்கம் கூடுதலாக இருந்தது. பின்னர் 1996 இல் வெளிவந்த ஆய்வில், அடைப்பெடுக்கும் மருந்து எதுவும் இல்லாமல் பென்சல்கோனியம் மட்டும் கலந்த ஸ்பிரேயை ஒரு மாதம் அடித்தவர்களுக்கும் மூக்கின் தோல் வீங்கியதைக் கண்டார்கள். அது இல்லாத வெறும் ஸ்பிரேயை அடித்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004 இல் அமெரிக்க வைத்தியர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தப் பொருள் கலந்த மூக்கு மருந்துகள் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானவை என்ற முடிவுக்கு வந்தார்கள். பென்சல்கோனியம் கலந்த மொமெட்டாசோன் ஸ்டீரொயிட் ஸ்பிரேயை 12 மாதம் பாவித்தவர்களின் மூக்கிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்த ஆய்வொன்று 1998 இல் வந்தது. தோல் மெலியவில்லை, அழற்சி குறைந்து கலங்கள் முன்பைவிட நல்ல நிலையில் இருந்தன.

ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியும் உயிருள்ள மூக்கில் இன்னொரு மாதிரியும் ஏன் தெரிகிறது? உயிருள்ள மூக்கில் சீதப் படலம் இருக்கிறது. அது இந்தப் பொருளைப் பிடித்து ஐதாக்கி, பதினைந்து இருபது நிமிடத்துக்குள் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகிறது. கிண்ணத்தில் வைத்த இழையத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2017 இல் வெளியிட்ட பட்டியலின்படி, பென்சல்கோனியம் கலந்த மூக்கு மருந்துகளின் தாளில், நீண்ட காலம் பாவித்தால் மூக்கின் உள்ளே எரிச்சலோ வீக்கமோ ஏற்படலாம் என்று எழுத வேண்டும். இந்த மருந்துகளைத் தடை செய்யவில்லை. எவ்வளவு காலம் என்பதைத்தான் எல்லோரும் கவனிக்கச் சொல்கிறார்கள். சில நாட்களுக்கு இந்தப் பொருள் அநேகமானவர்களுக்குத் தீங்கு செய்யாது. அடைப்பெடுக்கும் மருந்தோடு சேர்ந்து மாதக்கணக்கில் போகும்போதுதான் ஆபத்து.

மூக்கு மருந்துக்குப் பழகிப்போவது

அடைப்பெடுக்கும் மருந்து நாளங்களைச் சுருக்குகிறது என்று சொன்னேன். ஒவ்வொரு நாளும் சுருக்கிக்கொண்டே இருந்தால் நாளங்கள் அந்தக் கட்டளைக்கு மந்தமாகிவிடும். மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிடக் கூடுதலாக வீங்கும். மறுபடி விட வேண்டும். முதலில் காலையும் இரவும் விட்டவர் பிறகு நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விடுவார். தலையணைக்குக் கீழே ஒன்று, சட்டைப் பையில் ஒன்று என்று வைத்திருப்பார். வைத்தியர்கள் இதற்கு 1940களிலேயே மருந்தினால் வரும் மூக்கழற்சி என்று தனிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

பென்சல்கோனியம் தரும் எரிச்சலும் வீக்கமும் இதற்கு மேலே வந்து சேர்கின்றன. மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் வரும் வீக்கத்தை அது கூட்டுகிறது. ஆள் அதையும் பழைய தடிமன் என்றோ பீனிசம் என்றோ நினைத்து இன்னும் இரண்டு துளி விடுகிறார். தொடங்கிய தடிமன் எப்போதோ மாறியிருக்கும். இப்போது அடைப்பது மருந்துதான்.

இதற்கான அறிகுறிகளைப் பாமசியில் நான் கேட்டு அறிகிறேன். தும்மலோ அரிப்போ அதிகம் இல்லை, ஆனால் அடைப்பு மட்டும் நிரந்தரம். மருந்து விடாமல் நித்திரை வராது. வாயால் மூச்சு விடுவதால் விடியத் தொண்டை காய்ந்திருக்கும், குறட்டை கூடியிருக்கும். ஒரு போத்தல் முன்பு ஒரு மாதம் வந்தது, இப்போது ஒரு கிழமையில் முடிகிறது. இவற்றில் இரண்டு மூன்று பொருந்தினால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கூடுதலாகப் பார்ப்பவை

விறகடுப்புப் புகையும் செம்மண் புழுதியும் வைக்கோல் தூசியும் எங்கள் மூக்குகளை எப்போதும் அரித்துக்கொண்டே இருக்கின்றன. இவற்றால் வரும் அடைப்பு ஐந்து நாளில் தீரும் அடைப்பு அல்ல. புகை தினமும் இருக்கும்போது மருந்தும் தினமும் தேவைப்படுவதாகத் தோன்றும். இந்த இடத்தில் அடைப்பெடுக்கும் துளி பொருத்தமான மருந்தே இல்லை. உப்புநீரும், வைத்தியர் பார்த்து எழுதும் ஸ்டீரொயிட் ஸ்பிரேயும்தான் பொருந்தும். வேலைக்குப் போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுவது, அடுப்படியில் புகை வெளியேற வழி வைப்பது இரண்டும் மருந்துக்குச் சமமானவை.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டும். போரின்போது முகத்தில் ஷெல் சிதறல் பட்டவர்கள், விழுந்தோ அடிபட்டோ மூக்குத்தண்டு விலகியவர்கள். அந்த நேரத்தில் உயிர் தப்பியதே பெரிது. மூக்கு நேராக இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இப்படி ஒரு ஐயா என்னிடம் வருவார். ஒரு பக்க மூக்கு அவருக்கு 2009 இலிருந்து அடைப்பு. "இது என்னோட சாகுமட்டும் இருக்கும் பிள்ளை, துளி விட்டுக்கொண்டு இருக்கிறதுதான்" என்பார். மூக்குத்தண்டு வளைந்ததை எந்தத் துளியாலும் நிமிர்த்த முடியாது. துளி செய்வதெல்லாம், நல்ல பக்கத்தையும் சேர்த்துப் பழுதாக்குவது. இதற்குச் சத்திரசிகிச்சை இருக்கிறது. அரசாங்கப் பெரியாஸ்பத்திரிகளின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் பணம் இல்லாமல் காட்டலாம். பழைய காயம் என்று விட்டுவிடத் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் நிரந்தரமாக அடைத்திருந்தால், அல்லது ஒரு பக்கத்தால் மட்டும் இரத்தம், கெட்ட மணம் வந்தால், காயம் பட்டவரோ படாதவரோ, கட்டாயம் காட்ட வேண்டும்.

ஸ்டீரொயிட் ஸ்பிரேயை நிறுத்த வேண்டாம்

இதை வாசித்துவிட்டுக் கிளினிக்கில் தந்த ஸ்டீரொயிட் ஸ்பிரேயை யாரும் எறிந்துவிடக் கூடாது. அது வேறு வகை மருந்து. அதற்கு மூக்கு பழகிப்போவதில்லை. அதில் பென்சல்கோனியம் இருந்தாலும், ஒவ்வாமையால் தினமும் அழற்சியில் இருக்கும் மூக்குக்கு மருந்து செய்யும் நன்மை பெரிது. மேலே சொன்ன 12 மாத ஆய்வு அதைக் காட்டுகிறது. தொய்வு வருத்தம் உள்ளவர்களுக்கு மூக்கின் ஒவ்வாமையைக் கட்டுப்படுத்துவது நெஞ்சுக்கும் நல்லது. அடித்தவுடன் எரிவு, உறைப்பு, அடைப்புக் கூடுவது போன்றவை தொடர்ந்து இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். நற்காப்புப் பொருள் வேறாக உள்ள ஸ்பிரேக்கு மாற்றலாம். உதாரணமாக, சில புடெசொனைட் ஸ்பிரேக்களில் பொற்றாசியம் சோபேற்று சேர்க்கிறார்கள். சில ஸ்பிரேக்களில் வரும் ரோசாப்பூ மணம்கூட பீனைல் எதயில் அற்ககோல் என்ற இன்னொரு நற்காப்புப் பொருளின் மணம்தான். அந்த மணமே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

தொய்வு உள்ளவர்களின் வீடுகளில் இன்னொரு விடயம் கவனம். நெபுலைசரில் பாவிக்க என்று தந்த மருந்தைத் தவிர வேறெதையும், மூக்கு உப்புநீரைக்கூட, அதற்குள் விட வேண்டாம். பென்சல்கோனியம் நுரையீரலுக்குள் போனால் சிலருக்கு மூச்சுக்குழாய் இறுகி இழுப்புக் கூடும்.

பழகிப்போனவர்கள் எப்படி விடுபடுவது

முதலாவது வழி, அடைப்பெடுக்கும் மருந்தை ஒரே நாளில் நிறுத்துவது. முதல் சில நாட்கள் கடினம். இரவில் கூடுதலாக அடைக்கும். அதன்பின் படிப்படியாகக் குறைந்து, சில கிழமைகளில் மூக்கு வழமைக்குத் திரும்பும். பழகிய காலம் நீண்டதாயின் நாளும் கூடும்.

இரண்டாவது வழி, பலருக்கு இலகுவானது. ஒரு மூக்குத் துவாரத்துக்கு மட்டும் நிறுத்திவிட்டு மற்றதுக்கு விடுவது. நிறுத்திய பக்கம் திறந்துகொண்டதும் மற்றதையும் நிறுத்துவது. ஒரு பக்கத்தாலாவது மூச்சு வருவதால் பயம் இருக்காது.

எந்த வழியானாலும் வைத்தியர் எழுதும் ஸ்டீரொயிட் ஸ்பிரேயை அதே நாளில் தொடங்குவது உதவும். கிராஃபின் குழுவே, இப்படிப் பழகிப்போனவர்கள் புளூட்டிகாசோன் அடித்தபோது வெறும் ஸ்பிரே அடித்தவர்களைவிட விரைவாகத் தேறியதை 1997 இல் காட்டியது. தலைமாட்டை உயர்த்திப் படுப்பதும் உப்புநீரால் கழுவுவதும் இரவைக் கடக்க உதவும்.

உப்புநீரை வீட்டிலும் செய்யலாம். அரை லீற்றர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, அதில் மட்டமாக ஒரு தேக்கரண்டி சுத்தமான தூளுப்பைக் கரைக்க வேண்டும். எரிந்தால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்க்கலாம். இதில் நற்காப்புப் பொருள் இல்லாதபடியால் அன்றன்றைக்குச் செய்து மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீரையோ குளத்துத் தண்ணீரையோ கொதிக்க வைக்காமல் மூக்குக்குள் விடவே கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைக் குடிக்கும் அமீபா அபூர்வமாக நன்னீரில் இருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாத அது மூக்கால் போனால்தான் ஆபத்து.

பாமசியில் கேட்க வேண்டியவை, வீட்டில் செய்ய வேண்டியவை

வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது உப்புநீரா, அடைப்பெடுக்கும் மருந்தா, ஸ்டீரொயிட்டா? எத்தனை நாள் பாவிக்கலாம்? நற்காப்புப் பொருள் இல்லாதது இருக்கிறதா? ஆங்கிலம் வாசிக்க முடியாவிட்டாலும் கைத்தொலைபேசியில் பெட்டியைப் படம் பிடித்துத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேட்கலாம். பென்சல்கோனியம் குளோரைட் என்ற பெயர் பெரும்பாலும் சேர்மானங்களின் கடைசியில், சிறிய எழுத்தில் இருக்கும். சில தாள்களில் பி.கே.சி. அல்லது பி.ஏ.கே. என்று சுருக்கியிருப்பார்கள்.

நற்காப்புப் பொருள் இல்லாத ஸ்பிரேக்களும் செய்கிறார்கள். காற்றை வடித்து உள்ளே விடும் விசேட மூடி உள்ள போத்தல்களும், ஒருமுறை பாவித்து எறியும் சிறு குப்பிகளும் அவை. ஜெர்மனியில் இவை சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பும் போத்தல் இப்படியானதாக இருக்கலாம். ஆனால் கவனம். நற்காப்புப் பொருள் இல்லையென்பதால் அடைப்பெடுக்கும் மருந்தை மாதக்கணக்கில் விடலாம் என்று அர்த்தம் இல்லை. ஸ்டொக்ஹோம் ஆய்வில் அந்தப் பகுதியினருக்கும் மூக்கு வீங்கத்தான் செய்தது.

அடைப்பெடுக்கும் மருந்தை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் பாவிக்க வேண்டாம். அதற்கு மேல் அடைப்பு இருந்தால் அது வைத்தியர் பார்க்க வேண்டிய அடைப்பு. இரத்த அழுத்தம், இதய வருத்தம், கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் வாங்க வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு உப்புநீர்த் துளி மட்டும் போதும். பெரியவர்களின் துளியைப் பிள்ளைகளுக்கு விட வேண்டாம். சின்னப் பிள்ளை இந்த மருந்தில் ஒன்றிரண்டு மில்லிலீற்றர் குடித்துவிட்டாலே நினைவு மங்கி, இதயத் துடிப்பும் மூச்சும் குறையலாம். உயரத்தில் வையுங்கள். குடித்துவிட்டால் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஸ்பிரே அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்தால் நுனி தானாகவே காதுப் பக்கம் பார்க்கும். நடுத்தண்டில் நேரே அடித்தால் அந்த இடம் காய்ந்து இரத்தம் வரும். அடித்தபின் பலமாக உறிஞ்ச வேண்டாம். தொண்டைக்குப் போய்விடும். நுனியைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து மூடுங்கள். ஒரு போத்தலை ஒருவர் மட்டுமே பாவிக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒன்று என்று வைத்தால் ஒருவரின் கிருமி மற்றவருக்குப் போகும். துளி மருந்துப் போத்தலில் திறந்த திகதியை எழுதி, ஒரு மாதத்தில் எறிந்துவிடுங்கள்.

ஒரு போத்தலின் விலை பெரிதாகத் தெரியாது. மாதத்துக்கு நான்கு போத்தலை வருடக் கணக்கில் வாங்கும்போது அது ஒரு பிள்ளையின் கொப்பி, புத்தகச் செலவுக்கு வந்துவிடும். அந்தக் காசைக் கொடுத்து வாங்குவது அடைப்பை என்றால், ஒரு நாள் லீவு எடுத்துக் கிளினிக்குக்குப் போய் வருவது இலாபம். போகும்போது இப்போது பாவிக்கும் போத்தலைப் பெட்டியோடு கொண்டுபோங்கள். எத்தனை மாதமாக விடுகிறீர்கள் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.